'தி குட் சன்' (1993): கொலை செய்யும் சிறுவனைக் காட்டிய படம் எங்கே தவறியது?

நெய்தல்நிலவன்:

பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்த 'தி குட் சன்' படத்தை நேற்று இரவு பார்த்து முடித்தேன். 1993 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியான, 87 நிமிடம் ஓடும் படம் இது. திரைக்கதை எழுதியவர் ஆங்கில நாவலாசிரியர் இயன் மெக்யூவன். இயக்கியவர் 1987-இல் 'தி ஸ்டெப்ஃபாதர்' எடுத்த ஜோசப் ரூபன். இந்த இரண்டு பெயர்களும் சேர்ந்திருப்பதால் எதிர்பார்ப்புடன்தான் உட்கார்ந்தேன். எழுந்தபோது எனக்கு மிஞ்சியது ஏமாற்றம் மட்டுமே. அதன் காரணத்தை இங்கே எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாயை இழந்த மார்க் என்ற சிறுவனை, தொழில் நிமித்தம் டோக்கியோ செல்ல வேண்டிய அவனுடைய தந்தை, மெய்ன் மாநிலத்தில் கடலோரம் வாழும் தன் சகோதரர் வீட்டில் விட்டுச் செல்கிறார். அங்கே மார்க்குக்குத் துணையாக இருப்பவன் அந்த வீட்டு மகன் ஹென்றி. பெரியவர்களுக்கு முன் அவன் பணிவும் அன்பும் நிறைந்த பிள்ளை. தனிமையில் ஒரு நாயைத் தான் செய்த ஆயுதத்தால் கொல்கிறான், மேம்பாலத்திலிருந்து மனித உருவப் பொம்மையைச் சாலையில் தள்ளி வண்டிகளை அடுத்தடுத்து மோத வைக்கிறான், தன் தங்கை கோனியைப் பனிச்சறுக்கின்போது மெல்லிய பனிப்பரப்பை நோக்கி வீசுகிறான். குளியல் தொட்டியில் மூழ்கி இறந்ததாக எல்லோரும் நம்பும் தம்பி ரிச்சர்டின் சாவிலும் அவன் கை இருந்திருக்கிறது. முடிவில், பாறை விளிம்பில் இரண்டு சிறுவர்களையும் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டிருக்கும் தாய் சூசன், ஒருவனை மட்டுமே காப்பாற்ற முடியும் என்ற நிலையில், பெற்ற மகன் ஹென்றியின் பிடியை விட்டுவிடுகிறாள்.

என் குறை இதுதான். ஹென்றியிடம் ஒரு சிறுவனை என்னால் காணவே முடியவில்லை. ஹென்றியாக நடித்த மெக்காலே கல்கின் பேசும் வசனங்கள், தேர்ந்த ஒரு வயதுவந்த வில்லனுக்காக எழுதி, குரலை மட்டும் மாற்றிக் கொடுத்தவை போல் இருக்கின்றன. சிறுவர்கள் செய்யும் கொடுமையில் குழப்பம் இருக்கும், பயம் இருக்கும், செய்த பிறகு அதை எங்கே மறைப்பது என்று தெரியாத தவிப்பு இருக்கும். ஹென்றிக்கு அப்படி ஒரு நொடிகூட இல்லை. முதல் அரை மணி நேரத்திலேயே அவன் முழுமையடைந்துவிடுகிறான், அதன்பின் படம் அவனுக்கு எதிரான சான்றுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இறுதியில் அவனைப் பாறையிலிருந்து கீழே போட்டு வழக்கை முடித்துக்கொள்கிறது. கொலை செய்த ஒரு பத்து வயதுப் பிள்ளையை அந்தக் குடும்பமும் ஊரும் அரசும் என்ன செய்திருக்கும் என்பதே இப்படிப்பட்ட கதையின் மிகக் கடினமான கேள்வி என்று நான் நினைக்கிறேன். அந்தக் கேள்வி எழுவதற்கே இடமில்லாமல் படம் பார்த்துக்கொள்கிறது.

சுடர்க்கொடி:

நெய்தல்நிலவன் ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். படத்தின் நாயகன் யார் என்பதிலேயே நாம் வேறுபடுகிறோம் என்று தோன்றுகிறது. நீங்கள் ஹென்றியின் கதையை எதிர்பார்த்திருக்கிறீர்கள். இது மார்க்கின் கதை.

மார்க் எப்படிப்பட்ட நிலையில் அந்த வீட்டுக்கு வருகிறான் என்பதைக் கவனியுங்கள். தாய் இறக்க மாட்டாள் என்று நம்பியிருந்த பிள்ளை அவன். அவளுடைய உயிர் தன் பெரியம்மா சூசனிடம் குடிவந்திருக்கிறது என்றும் நம்பத் தொடங்குகிறான். அப்படிப்பட்ட ஒருவன் வந்து, "ஹென்றி கொலைகாரன்" என்று சொன்னால் எந்தப் பெரியவர் நம்புவார்? ஹென்றி உணவில் நஞ்சு கலந்திருக்கலாம் என்று பயந்து குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதை எல்லாம் மார்க் எடுத்துக் கொட்டும் காட்சியில், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பைத்தியமாகத் தெரிபவன் அவன்தான். ஜாக்குலின் ப்ரூக்ஸ் நடித்த மனநல மருத்துவரிடம் அவன் சொல்லும் எல்லாமே துக்கத்தின் விளைவாகவே முதலில் பார்க்கப்படுகின்றன. உண்மையைச் சொல்லும் குழந்தைக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை என்று உலகம் தீர்மானித்துவிட்ட நிலையைத்தான் இந்தப் படம் காட்டுகிறது. ஹென்றியை மார்க்கின் கண்களால் நாம் பார்க்கிறோம். பயந்துபோன ஒரு பிள்ளையின் கண்களுக்கு அவன் முழுமையான தீமையாகத்தான் தெரிவான்.

நான் 19 ஆண்டுகளாகப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். "அவன் என்னைத் துன்புறுத்துகிறான்" என்று சொல்லி வந்த ஒரு மாணவனை, எதிரில் இருந்தவன் நன்றாகப் படிக்கும் அமைதியான பிள்ளை என்பதற்காகவே நான் ஒருமுறை நம்பாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உண்மை பிறகு தெரிந்தது. அந்தக் குற்றவுணர்வோடுதான் இந்தப் படத்தைப் பார்த்தேன், அதனால் என் கருத்து ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கலாம். ஆனால் மார்க்காக நடித்த எலைஜா வுட்டின் முகத்தில் இருந்தது நான் நேரில் பார்த்த முகம்.

இன்னொன்று, ஹென்றிக்குக் காரணமே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. ரிச்சர்டின் ரப்பர் வாத்தைச் சூசன் கண்டெடுத்துக் கேட்கும்போது, அது ரிச்சர்டுக்கு முன்பே தன்னுடையதாக இருந்தது என்கிறான். தம்பி பிறந்ததும் தன்னிடமிருந்து எடுக்கப்பட்டவை எவை என்பதை அந்த ஒரு வரியில் அவன் சொல்லிவிடுகிறான். அதற்கு மேல் விளக்கம் கேட்டால், படம் ஒரு மருத்துவ அறிக்கையாகிவிடும்.

பழையபடச்சுருள்:

இருவருக்கும் நடுவில் ஒரு பழைய படத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வில்லியம் மார்ச் எழுதி 1954-இல் வெளியான 'தி பேட் சீட்' நாவலில், கொலைகள் செய்யும் எட்டு வயதுச் சிறுமி ரோடாவின் தாய், மகளுக்குத் தூக்க மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத் தானும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். தாய் இறந்துவிடுகிறாள், மகள் பிழைத்துக்கொள்கிறாள், உண்மை யாருக்கும் தெரியாமல் எல்லோரும் அந்தப் பெண்ணைக் கொஞ்சுகிறார்கள். அதே ஆண்டில் பிராட்வே மேடைக்கு வந்த நாடகமும் இப்படித்தான் முடிந்தது. 1956-இல் மெர்வின் லெராய் அதைப் படமாக்கியபோது, குற்றம் தண்டனையின்றிப் போகக்கூடாது என்ற அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி குறுக்கே நின்றது. ஆகவே தாயைப் பிழைக்க வைத்து, சிறுமியின் மேல் மின்னல் விழுந்து அவள் இறப்பதாக மாற்றினார்கள்.

அந்தப் படத்தில் நடித்த மூன்று பெண்கள், சிறுமியாக நடித்த பேட்டி மெக்கார்மக் உட்பட, ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். நடிப்பில் குறை சொல்ல இடமில்லை. அந்த மின்னலை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. 'தி குட் சன்' வந்த 1993-இல் அந்த விதி மறைந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. யாரும் கட்டாயப்படுத்தாத காலத்திலும், மின்னலுக்குப் பதிலாகப் பாறையைத் தேடிப் போயிருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

விளக்கம் தேவையா என்ற கேள்வியில் நான் சுடர்க்கொடியின் பக்கம். மார்ச்சின் நாவல் விளக்கம் தந்தது. ரோடாவின் பாட்டி ஒரு கொலைகாரி, அந்தக் குணம் இரத்தத்தில் இறங்கிவிட்டது என்பதே அந்த விளக்கம். அதைவிட விளக்கமின்மை எவ்வளவோ மேல்.

சுடர்க்கொடி:

ஐயா, மின்னலும் அந்தக் கையும் ஒன்றாகுமா? மின்னல் வானத்திலிருந்து வருகிறது, அதற்கு யாரும் பொறுப்பில்லை. இங்கே ஒரு தாய் இரண்டு பிள்ளைகளின் முகங்களையும் பார்த்து, தன் விரல்களைத் தானே தளர்த்துகிறாள். அந்த முடிவின் சுமை முழுவதும் அவளுடையது. தணிக்கைக்காரர்கள் கேட்டிருந்தால் இதை ஒருபோதும் அனுமதித்திருக்க மாட்டார்கள்.

வழக்குரை:

இந்தப் படம் இங்கிலாந்தில் ஏன் திரைக்கு வரவில்லை என்பதை யாரும் குறிப்பிடாததால் எழுதுகிறேன்.

1993 பிப்ரவரி 12 அன்று, லிவர்பூலை அடுத்த பூட்டில் என்ற ஊரின் ஸ்ட்ராண்ட் வணிக வளாகத்திலிருந்து, இன்னும் மூன்று வயது நிறையாத ஜேம்ஸ் பல்ஜர் என்ற குழந்தையைப் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, சுமார் நான்கு கிலோமீட்டர் நடக்க வைத்து, இருப்புப்பாதை அருகே கொன்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ப்ரெஸ்டன் நீதிமன்றத்தில், பெரியவர்களுக்கான விசாரணை முறையிலேயே அவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். குற்றவாளிக் கூண்டின் தடுப்புக்கு மேல் அவர்களுக்குப் பார்வை எட்டாது என்பதால் அதன் தளத்தை உயர்த்த வேண்டியிருந்தது. அந்தச் சூழலில் 'தி குட் சன்' அங்கே வெளியாவது நிறுத்தி வைக்கப்பட்டு, 1995-இல் வீடியோவாக மட்டும் வந்தது.

படம் அமெரிக்காவில் வெளியாகி இரண்டு மாதங்களில் ப்ரெஸ்டனில் தீர்ப்பு வந்தது. நெய்தல்நிலவன் கேட்ட கேள்விக்கு, அதாவது இப்படிப்பட்ட பிள்ளையை என்ன செய்வது என்பதற்கு, ஒரு நாடு முழுவதும் விடை தேடித் தடுமாறியது அதன்பிறகுதான். வழக்கை விசாரித்த நீதிபதி குறைந்தது எட்டு ஆண்டுகள் சிறை என்றார். தலைமை நீதிபதி அதைப் பத்தாக்கினார். ஒரு நாளிதழ் தன் வாசகர்களிடமிருந்து ஏறத்தாழ 2,80,000 கூப்பன்களைத் திரட்டி அனுப்பிய பிறகு, உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் பதினைந்தாக்கினார். 1997-இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அமைச்சரின் முடிவு சட்டத்துக்குப் புறம்பானது என்றார்கள். 1999 டிசம்பரில், அந்தச் சிறுவர்களுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருவரும் 2001-இல் புதிய பெயர்களோடு விடுவிக்கப்பட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக, 1994 அக்டோபரில் நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் நகரில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் சாவுக்கு ஆறு வயதுச் சிறுவர்கள் காரணமாக இருந்தார்கள். அங்கே குற்றப் பொறுப்பு வயது 15. வழக்கு இல்லை, தண்டனை இல்லை, பத்திரிகைகளில் அந்தச் சிறுவர்களின் பெயர்களும் இல்லை. அதிகாரிகளும் உளவியலாளர்களும் அந்தப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் அந்த ஊருக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வயதும் பத்து வயதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிள்ளையைப் பிள்ளையாகவே பார்க்க முடிந்த ஒரு சமூகமும், முடியாத ஒரு சமூகமும் எப்படி நடந்துகொண்டன என்பதற்கு இவ்விரண்டையும்விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

'தி குட் சன்' இரண்டாவது வகைச் சமூகத்துக்காக எடுக்கப்பட்டது. ஹென்றி விழும்போது பார்வையாளர் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டும் என்று இசையும் படத்தொகுப்பும் கேட்டுக்கொள்கின்றன. ஒரு சிறுவனின் சாவில் அந்த நிம்மதியை நமக்குப் பழக்குவதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

சுடர்க்கொடி:

வழக்குரை அவர்களே, உங்கள் தகவல்களுக்கு நன்றி. ஆனால் பூட்டில் நிகழ்ச்சியை வைத்து இந்தப் படத்தை எடைபோடுவது நியாயமில்லை. மெக்யூவன் இந்தத் திரைக்கதையை எழுதியது 1980-களில். ஒரு கொலைக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட கதை அந்தக் கொலைக்கு விடை சொல்லியிருக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

அதோடு, பூட்டில் வழக்கில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி இருக்கிறது. அந்தக் குழந்தை நடத்திச் செல்லப்பட்ட வழியில் அவர்களைப் பார்த்த சாட்சிகள் 38 பேர். குழந்தையின் நெற்றியில் காயம் இருந்தது, அது அழுதது. சிலர் நிறுத்திக் கேட்டும் இருக்கிறார்கள். தம்பி என்றும், காணாமல் போன குழந்தையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகிறோம் என்றும் சொன்ன பதில்களை நம்பி அவர்களைப் போக விட்டார்கள். அந்தப் பெரியவர்கள் கெட்டவர்கள் அல்லர். சிறுவர்கள் இப்படிச் செய்வார்கள் என்ற எண்ணமே அவர்கள் மனத்தில் எழவில்லை. 'தி குட் சன்' சொல்வதும் அதைத்தானே? அந்த 38 பேரையும் தாய், தந்தை, மருத்துவர் என்று ஒரே வீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது இந்தப் படம்.

வழக்குரை:

முதல் குறையை ஏற்கிறேன், காலத்தை நான் கவனமாகக் கையாளவில்லை. 38 பேரைப் பற்றி நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. இருப்பினும், பெரியவர்களின் நம்பாமையைக் காட்டும் படம், அவர்களை ஓரிடத்திலாவது அதற்குப் பதில் சொல்ல வைத்திருக்க வேண்டும். ஹென்றியின் தந்தை வாலஸ் என்ன ஆனார்? தன் மகன் யார் என்று அவருக்கு எப்போது, யார் சொன்னார்கள்?

நெய்தல்நிலவன்:

சுடர்க்கொடி அவர்கள் எழுதிய பிறகு குளிர்சாதனப் பெட்டிக் காட்சியை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். மார்க்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் காட்சியும், மருத்துவரிடம் அவன் பேசும் இடங்களும் நான் நினைத்ததைவிட வலுவானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே என் குறையைத் திருத்திச் சொல்கிறேன். விளக்கம் வேண்டாம். நான் தேடியது சூசனை.

இந்தக் கதையில் எல்லாவற்றையும் இழப்பவள் அவள். ஒரு மகனைத் தொட்டியில் இழந்திருக்கிறாள். கடலைப் பார்த்தபடி பாறை விளிம்பில் தனியே வந்து நிற்பது அவளுக்கு வழக்கமாகியிருக்கிறது. இப்போது இன்னொரு பிள்ளை வந்து, நீதான் என் அம்மா என்கிறான். தன் வயிற்றில் பிறந்தவனோ அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். இரண்டு சிறுவர்களும் ஒரே தாயின் மடிக்காகப் போராடும் கதை இது, மெக்யூவன் மனத்தில் முதலில் இருந்தது இதுதான் என்று நான் ஊகிக்கிறேன். ஆனால் படமாகும் வழியில் பல கைகள் புகுந்தன. முதலில் இயக்குவதாக இருந்த மைக்கேல் லேமன் விலகினார். 'ஹோம் அலோன்' இரண்டாம் பாகத்தில் மகன் நடிக்க வேண்டுமானால் இந்தப் படத்திலும் அவனுக்கே வேடம் தர வேண்டும் என்று கல்கினின் தந்தை நிபந்தனை வைத்தார். மெக்யூவனின் எழுத்தும் வேறொருவரால் மாற்றப்பட்டது. உலகமே அறிந்த அந்தச் சிறுவன் முன்னால் வந்ததும், வெண்டி க்ரூசன் நடித்த தாய் பின்னால் போய்விட்டாள்.

பழையபடச்சுருள்:

அந்தச் சிறுவனைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 1990-இல் 'ஹோம் அலோன்' படத்தில் வீட்டைக் காத்த பிள்ளை என்று உலகம் கொண்டாடிய முகம் அது. ஹென்றியின் பெற்றோர் ஏமாறுவதை நமக்கு உணர்த்த அதைவிடப் பொருத்தமான முகம் கிடைத்திருக்காது. அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு அரை நட்சத்திரம் கொடுத்தபோது, இந்த வயதுப் பிள்ளைகளை இப்படிப்பட்ட கதையில் நடிக்க வைத்ததையே கடிந்தார். அதில் எனக்கு உடன்பாடு உண்டு. கோனியாக நடித்தது கல்கினின் சொந்தத் தங்கை க்வின். அண்ணன் தன்னைப் பனிக்குள் தள்ளும் காட்சியில் நடிக்க அந்தச் சின்னப் பெண்ணிடம் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மழைக்காலம்:

இங்கே எழுதுவது எனக்கு இது முதல் முறை. எனக்கும் இரண்டு பையன்கள்.

சூசன் ஹென்றியிடம், ரிச்சர்டைக் கொன்றது நீயா என்று நேராகக் கேட்கும் இடத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கொன்றிருந்தால் என்ன என்பது போல அவன் பதில் சொல்கிறான். அவள் அவனை அடிக்கவில்லை, விலகி ஓடவும் இல்லை. உனக்கு உதவி தேவை, நாம் அதைத் தேடுவோம் என்றுதான் சொல்கிறாள். அந்த நேரத்தில் க்ரூசனின் முகத்தைப் பார்த்து நான் அழுதுவிட்டேன், ஏனென்றால் ஒரு தாய் சொல்லக்கூடியது அதுதான். அடுத்த நொடியே அவன் காட்டுக்குள் ஓடுகிறான், துரத்தல் தொடங்குகிறது, அவளையே பாறையிலிருந்து தள்ளுகிறான். அந்த ஒரு வார்த்தையோடு படம் இன்னும் பத்து நிமிடம் இருந்திருந்தால் போதும், என் மனத்தில் அது வேறு படமாக இருந்திருக்கும்.

சுடர்க்கொடி:

மழைக்காலம், நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. அந்த இடத்தில் நான் உங்களோடு நிற்கிறேன். உதவி என்ற சொல் உச்சரிக்கப்பட்டதும் அதிலிருந்து படம் ஓடிவிடுகிறது என்பதை இனி என்னால் மறுக்க முடியாது.

ஆனாலும் கடைசிக் காட்சியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அரிசோனாவின் பாலைநிலத்துக்குத் திரும்பிய மார்க், சூசன் மறுபடியும் அந்த நிலையில் நின்றால் தன்னையே தேர்ந்தெடுப்பாளா என்று யோசிக்கிறான். அதை ஒருபோதும் அவளிடம் கேட்கப் போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். வழக்குரை சொன்ன நிம்மதிப் பெருமூச்சை, படம் தன் கடைசி வரியில் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. காப்பாற்றப்பட்டவனுக்கே அந்தக் காப்பாற்றலில் உறுதி இல்லை.

நெய்தல்நிலவன்:

அந்த வரியை நானும் மறக்கவில்லை. படத்திலேயே சிறந்த வரி அதுதான். நான் வருந்துவது, அந்தக் கேள்வி ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், விடை சொல்ல முடியாத இடத்தில் நின்று கேட்கப்படுகிறது என்பதற்காக. சூசன் அந்த மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போயிருப்பாள். வாலஸிடம் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பாள். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த கோனி ஒருநாள் வீடு திரும்பி, அண்ணன் எங்கே என்று கேட்டிருப்பாள். பனிக்குள் தன்னைத் தள்ளியவன் அவன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா, அவனைத் தேடி அவள் அழுதாளா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்க அவளால் முடிந்ததா என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். கடைசிக் காட்சிகளில் கோனி இல்லவே இல்லை.

வழக்குரை:

கோனியை நானும் மறந்திருந்தேன்.